கொட்டகைக்கு வெளியே ஒலித்த குரல்: கொடுமுடி கோகிலம் கே.பி.சுந்தராம்பாள்

தைப்பூசத்தன்று பினாங்கு தண்ணீர்மலை அடிவாரத்தில் நடந்து போகிறவர்களுக்குத் தண்ணீர்ப் பந்தல்களிலிருந்து பல பாட்டுகள் கேட்கும். புதிய பாட்டுகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். நடுவே ஒரு பழைய பெண் குரல் எழும். இளைஞர்களுக்குப் பாடியவர் பெயர் தெரியாமல் இருக்கலாம். கூட வரும் பாட்டிக்கு ஒரு வரி கேட்டாலே போதும், கே.பி.எஸ். அம்மாள் என்று சொல்லிவிடுவார்.

இன்று ஒலிபெருக்கியில் கேட்கும் அந்தக் குரல், ஒலிபெருக்கியே இல்லாத காலத்தில் உருவான குரல். கீற்றுக் கொட்டகையில் மண் தரையில் உட்கார்ந்திருக்கும் கடைசி ஆளுக்கும் கேட்க வேண்டும் என்று தொண்டையைத் திறந்து பாடிப் பழகியவர் அவர். டிக்கெட் வாங்கிக் கொட்டகைக்குள் வந்தவர்கள் மட்டும் அனுபவித்து வந்த நாடகப் பாட்டை, கொட்டகையையே பார்த்திராதவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களில் முதல் வரிசையில் நிற்பவர். கடல் கடந்து மலாயாவின் லயத்து வீடுகள் வரை அந்தக் குரல் வந்தது. அதற்கு அவர் கொடுத்த விலையும் பெரியது.

காவிரிக் கரைச் சிறுமி

கே.பி.சுந்தராம்பாள் 1908-இல் பிறந்தார். சொந்த ஊர் இன்றைய ஈரோடு மாவட்டத்தில் காவிரிக் கரையில் இருக்கும் கொடுமுடி. பெயரின் முன்னால் நிற்கும் எழுத்துகளில் ஒன்று ஊருக்கு உரியது, மற்றொன்று தாயார் பாலாம்பாளுக்கு உரியது. தகப்பனார் துணையில்லாத வீடு. மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு தாயார் பட்ட பாடு கொஞ்சமல்ல. வறுமை தாங்காமல் பிள்ளைகளோடு உயிரை மாய்த்துக்கொள்ளவும் துணிந்தார் என்று அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

சிறுமி சுந்தராம்பாள் ரயிலில் பாடிக் காசு வாங்கியதாகவும் சொல்வார்கள். அந்தப் பாட்டைக் கேட்ட ஒருவர் மூலமாகத்தான் பி.எஸ்.வேலு நாயரின் நாடகக் கம்பெனியில் இடம் கிடைத்தது. முதலில் கிடைத்த வேடங்களில் ஒன்று நல்லதங்காள் நாடகத்தில் வரும் பிள்ளை வேடம். பசியால் வாடும் குழந்தை பாடி அழ வேண்டிய காட்சி அது. பசி என்றால் என்ன என்று அந்தக் குழந்தைக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

அந்தக் கால நாடகம்

அன்றைய தமிழ் நாடகம் எப்படி நடந்தது என்று தெரிந்தால்தான் அந்தக் குரலின் அருமை புரியும். இரவு ஒன்பது, பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை நடக்கும். வசனத்தைவிடப் பாட்டே அதிகம். பக்கவாட்டில் ஆர்மோனியமும் மிருதங்கமும் இருக்கும். ஆர்மோனியக்காரர் பின்பாட்டும் பாடுவார். மைக் கிடையாது. அரங்கின் மூலை முடுக்கெல்லாம் கேட்க வேண்டுமென்றால் ஐந்து கட்டை சுருதியில் நின்று பாட வேண்டும்.

நாடகங்களில் பெரும்பாலானவை சங்கரதாஸ் சுவாமிகள் எழுதியவை. 1867-இல் பிறந்து 1922-இல் மறைந்த சுவாமிகளின் வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் போன்ற நாடகங்கள் எல்லா நடிகர்களுக்கும் மனப்பாடம். அதனால் 'ஸ்பெஷல் நாடகம்' என்ற முறை வந்தது. ஒரே கம்பெனியைச் சேராத நடிகர்களை ஓர் இரவுக்கு மட்டும் பேசி வரவழைப்பார்கள். ஒத்திகை கிடையாது. வள்ளியாக வருபவரும் வேலனாக வருபவரும் அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சந்திப்பார்கள். மேடையில் பாட்டுக்குப் பாட்டு, கேள்விக்குக் கேள்வி என்று மோதுவார்கள். அந்த மோதலைப் பார்க்கத்தான் ஊர் திரளும். இதில் சளைக்காமல் நிற்பது லேசான காரியமல்ல. சுந்தராம்பாள் ஸ்திரீபார்ட், ராஜபார்ட் இரண்டிலும் நின்றார். பெண் வேடம் மட்டுமின்றி வேலன் வேடமும் போட்டார்.

மேடையில் எவ்வளவு கைதட்டல் கிடைத்தாலும் வெளியே நாடகக்காரி என்ற பெயர்தான். கூத்தாடி என்று ஏளனமாகப் பேசிய காலம். மேடை ஏறிய பெண்ணுக்கு நல்ல வீடுகளில் மரியாதை கிடையாது. இதையும் சேர்த்துத்தான் அவர் சுமந்தார்.

கொழும்பில் தொடங்கிய கதை

நாடகக் குழுக்கள் அப்போது இலங்கை, பர்மா, மலாயா, சிங்கப்பூர் என்று தமிழர் குடியேறிய இடங்களுக்கெல்லாம் கப்பலேறிப் போயின. சுந்தராம்பாள் பெயர் வாங்கியது இலங்கையில். கொழும்பில் அவர் புகழோடு இருந்தபோதுதான் செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பா அங்கே வந்தார். 1906-இல் பிறந்த கிட்டப்பா, பிள்ளைப் பருவத்திலிருந்தே மேடையில் இருந்தவர். அவரைப் போல உச்சத்தில் பாட ஆளில்லை என்று தமிழ்நாடே பேசிக்கொண்டிருந்தது. சுந்தராம்பாளோடு சேர்ந்து மேடை ஏறினால் கிட்டப்பாவின் பெயர் போய்விடும் என்று சிலர் பயமுறுத்தினார்கள். கிட்டப்பா கேட்கவில்லை. 1926-இல் இருவரும் வள்ளி திருமணத்தில் சேர்ந்து நடித்தார்கள். மறு வருடம் திருமணம் நடந்தது.

கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மனைவி இருந்தார். குலமும் வேறு. மேடையில் பொருந்திய ஜோடி வீட்டில் அதே போலப் பொருந்தவில்லை. பிறந்த குழந்தையும் தங்கவில்லை. சேர்ந்திருந்த நாள்களைவிடப் பிரிந்திருந்த நாள்கள் அதிகமாயின. அந்த நாள்களில் சுந்தராம்பாள் கணவருக்கு எழுதிய கடிதங்கள் இன்றும் பேசப்படுகின்றன. ஏக்கமும் மானமும் சரிபாதியாக இருக்கும் கடிதங்கள் அவை.

இசைத்தட்டில் ஏறிய மேடை

இந்த இடத்தில்தான் நம் ஊர்க் கதையும் வந்து சேர்கிறது. பினாங்குக்கும் நாடகத்துக்கும் பழைய உறவு உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவிலிருந்து பார்சி நாடகக் குழுக்கள் இங்கே வந்தன. அவற்றைப் பார்த்துத்தான் மலாய்க்காரர்களின் பங்சாவான் நாடகம் பிறந்தது. 1885-இல் மாமாக் புஷி என்பவர் பினாங்கில் பங்சாவான் குழு அமைத்தார். தமிழ் நாடகமும் வரைந்த திரைச்சீலை, மேடை அலங்காரம் போன்றவற்றை அதே பார்சிக் குழுக்களிடமிருந்துதான் எடுத்துக்கொண்டது. ஒரு வகையில் பங்சாவானும் நம் கம்பெனி நாடகமும் ஒன்றுவிட்ட சகோதரர்கள்.

ஆனால், ஜோர்ஜ் டவுனுக்குக் குழு வந்தாலும் தோட்டத்துச் சனம் எத்தனை பேர் பார்த்திருக்க முடியும்? விடியற்காலை பெரட்டுக்கு நிற்க வேண்டியவர் இரவு முழுதும் பட்டணத்தில் உட்கார்ந்து நாடகம் பார்க்க முடியாது. படகுக் கூலி, டிக்கெட் காசு, மறுநாள் சம்பளம் என்று கணக்குப் பார்த்தால் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டியதுதான். தோட்டத்துக் கோயில் திருவிழாவில் தாங்களே வேடம் கட்டி ஆடிய அரிச்சந்திரா, பவளக்கொடிதான் அவர்களுக்குத் தெரிந்த நாடகம்.

1920-களின் கடைசியில் நிலைமை மாறியது. மைக் வைத்து ஒலிப்பதிவு செய்யும் மின்முறை அப்போது வந்தது. குரல் முன்பைவிடத் தெளிவாகப் பதிவானது. இசைத்தட்டு நிறுவனங்கள் நாடக நடிகர்களைத் தேடிப் போயின. கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் பாடிய மேடைப் பாட்டுகள் தட்டுகளாக வந்தன. நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுற்றும் அந்தக் கறுப்புத் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 3 நிமிடம்தான் பாட முடியும். மேடையில் அரை மணி நேரம் விரித்துப் பாடியதை மூன்று நிமிடத்துக்குள் சுருக்க வேண்டும். ஆலாபனையைக் குறைத்து, பாட்டின் உயிரை மட்டும் எடுத்துக் கொடுக்க வேண்டும். இதுவும் ஒரு தனி வித்தை. சுந்தராம்பாளுக்கு அது வாய்த்தது.

முழு நாடகங்களும் பல தட்டுகள் கொண்ட செட்டுகளாக வெளிவந்தன. சாவி கொடுத்து ஊசியை வைத்தால் போதும். டிக்கெட் வேண்டாம், இரவு விழிப்பும் வேண்டாம். கிராமபோன் பெட்டி எல்லார் வீட்டிலும் இருந்ததில்லை. ஒரு பெட்டி இருந்தால் போதும், சுற்றிலும் ஒரு கூட்டம் இருக்கும். கடைத்தெருவில் ஒரு தட்டு சுழன்றால் வாசலில் நின்று கேட்பவருக்குக் காசு கேட்பாரில்லை. அப்படிக் கேட்ட பாட்டு கேட்டவரோடு தோட்டத்துக்கும் போகும். பால்மரக் காட்டில் வேலையோடு வேலையாக முணுமுணுக்கப்படும்.

வானொலியும் சேர்ந்துகொண்டது. 1934-இல் பினாங்கு வயர்லெஸ் சங்கம் தொடங்கிய நிலையம் மலாய், சீனம், ஆங்கிலத்தோடு தமிழிலும் ஒலிபரப்பியது. கப்பலில் வந்து போன நாடகம் காற்றிலும் வரத் தொடங்கிய காலம் அது.

தட்டுக்குப் போலீஸ் காவல் இல்லை

கொட்டகைக்குள் நடப்பதைக் கட்டுப்படுத்த வெள்ளைக்கார அரசிடம் 1876-ஆம் ஆண்டு நாடகச் சட்டம் இருந்தது. பிடிக்காத நாடகத்தைத் தடுக்கலாம், நடிகரைப் பிடிக்கலாம். கொட்டகைக்குள் போலீஸ்காரர் உட்கார்ந்து பார்ப்பதும் உண்டு. ஆனாலும் மதுரகவி பாஸ்கரதாஸ் போன்றவர்கள் எழுதிய தேசியப் பாட்டுகளை நடிகர்கள் புராண நாடகத்தின் நடுவே பாடினார்கள். வள்ளி தினைப்புனத்தில் பறவைகளை விரட்டும்போது வெள்ளைக் கொக்கு என்று பாடினால் யாரைச் சொல்கிறார்கள் என்று கூட்டத்துக்குத் தெரியும்.

காந்தியைப் பற்றிய பாட்டுகளைச் சுந்தராம்பாள் இசைத்தட்டிலும் பாடினார். கொட்டகையைப் பூட்டலாம், ஆயிரம் வீடுகளுக்குப் போய்விட்ட தட்டைத் திரும்பப் பிடுங்குவது கடினம். அரசு சில தட்டுகளைத் தடை செய்து பார்த்தது. பாட்டு அதற்குள் மக்கள் வாயில் ஏறிவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு விடுதலைப் போராட்டச் செய்தியைக் கொண்டுபோனதில் இந்த நாடகக்காரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி இதை நன்றாகப் புரிந்துகொண்டவர். நாடகக் கலைஞர்களை மதித்துக் கட்சி மேடைக்கு அழைத்தவர் அவர்.

இருபத்தைந்து வயதில் வெள்ளைச் சேலை

1933 டிசம்பர் 2-ஆம் தேதி கிட்டப்பா இறந்தார். வயது 27. சுந்தராம்பாளுக்கு அப்போது வயது 25. பிரிந்து வாழ்ந்த நேரத்தில் வந்த சாவு அது. ஆனாலும் அன்றிலிருந்து அவர் வெள்ளைச் சேலைக்கு மாறினார். நகைகளைக் களைந்தார். நெற்றியில் திருநீறு மட்டும். இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். அதைச் சாகும்வரை காப்பாற்றினார்.

ஒரு நாடக நடிகைக்கு இது சாதாரண முடிவல்ல. வள்ளி திருமணமும் பவளக்கொடியும் ஜோடி நாடகங்கள். அவற்றை விட்டால் பிழைப்பு ஏது? உச்சத்தில் இருந்தபோது தன் தொழிலின் பாதியைத் தன் கையாலேயே வெட்டிக்கொண்டார். நாடக வாழ்க்கை முடிந்துவிட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். தேசத் தொண்டுக்கு அந்தக் குரல் வேண்டும் என்று காந்தியும் சத்தியமூர்த்தியும் வற்புறுத்தியதால் அவர் மறுபடி பாட வந்தார்.

கொடுமுடியில் அவர் வீட்டுக்குக் காந்தி வந்த கதையைப் பெரியவர்கள் சொல்வார்கள். காந்திக்கு அவர் பொன் தட்டில் உணவு பரிமாறினாராம். சாப்பாடு மட்டும்தானா, தட்டு கிடையாதா என்ற பொருளில் காந்தி கேட்க, தட்டையும் அப்படியே கொடுத்துவிட்டாராம். அது ஏலம் விடப்பட்டுப் பணம் பொதுக்காரியத்துக்குப் போனதாம். 1937 தேர்தலில் காங்கிரசுக்காக ஊர் ஊராகப் போய்ப் பாடினார். டிக்கெட் இல்லாத திறந்தவெளிக் கூட்டங்களில் அதே ஐந்து கட்டைக் குரல் ஒலித்தது.

நந்தனாராக ஒரு பெண்

பேசும் படம் வந்தபின் சினிமாக்காரர்கள் அவரைத் தேடி வந்தார்கள். அவருக்கு விருப்பமில்லை. மிகப் பெரிய தொகையாகக் கேட்டால் தானே போய்விடுவார்கள் என்று ஒரு லட்சம் ரூபாய் கேட்டதாகச் சொல்வார்கள். அவர்கள் அதையும் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் இந்தியாவில் எந்த நடிகருக்கும் கிடைக்காத தொகை அது.

1935-இல் வந்த அந்தப் படம் 'பக்த நந்தனார்'. கதாநாயகியாக அல்ல, நந்தனாராகவே நடித்தார். ஆணோடு ஜோடி சேர வேண்டியதில்லை. சிதம்பரம் கோயிலுக்குள் போக ஏங்கிய சேரித் தொழிலாளியின் வேடத்தை ஒரு பெண் ஏற்றார். அவரை அடக்கி ஆளும் வேதியராகச் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர் நடித்தார். தாழ்த்தப்பட்ட மக்களுக்குக் கோயில் கதவு திறக்காத காலம். மதுரை மீனாட்சி கோயிலிலேயே 1939-இல்தான் அது நடந்தது. படம் எதிர்பார்த்தபடி ஓடவில்லை. ஆனால், கோயிலுக்குப் போக எஜமானிடம் அனுமதி கேட்டுத் தவிக்கும் ஒரு கூலியாளின் கதை, துரையிடமும் கங்காணியிடமும் லீவு கேட்டு நின்றவர்களுக்கு அன்னியமாக இருந்திருக்க முடியாது.

1940-இல் மணிமேகலையாக நடித்தார். துறவிப் பெண் வேடம். 1953-இல் ஜெமினி எஸ்.எஸ்.வாசன் தயாரித்த 'ஔவையார்' வந்தது. ஜோடி இல்லாத, வயதான, ஊர் ஊராக நடந்து பாடும் தமிழ்ப் பாட்டி வேடம். அவருடைய விரதத்துக்காகவே எழுதி வைத்தது போல இருந்தது. இதன்பிறகு ஔவையார் என்றாலே தமிழர்களுக்கு அவர் முகம்தான். 1964-இல் 'பூம்புகார்' படத்தில் கவுந்தி அடிகள், 1965-இல் 'திருவிளையாடல்' படத்தில் மறுபடி ஔவையார். பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு மலையேறிய முருகனை அவர் பாடி அழைக்கும் காட்சியைப் பார்க்காத தமிழ் வீடு குறைவு.

தோட்டத்துத் திடல்களில் வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டிய நாள்களை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சாக்கும் பாயும் கொண்டுபோய் இடம் பிடித்து உட்கார்ந்த அந்தக் கூட்டம், அதைவிடப் பெரிய கொட்டகை. கூரை இல்லை, டிக்கெட் இல்லை.

நாடகக்காரி சட்டசபைக்குப் போனார்

1951-இல் சுந்தராம்பாள் சென்னை மாநிலச் சட்ட மேலவை உறுப்பினர் ஆனார். கலை உலகத்திலிருந்து சட்டமன்றத்துக்குள் நுழைந்த முதல் ஆள் என்று அவரைச் சொல்வார்கள். ரயிலில் பாடிக் காசு வாங்கிய சிறுமி, நாடகக்காரி என்று ஒதுக்கப்பட்ட பெண், சட்டம் செய்யும் சபையில் உட்கார்ந்தார். 'துணைவன்' படப் பாட்டுக்காக 1969-ஆம் ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது கிடைத்தது. அறுபது வயதைத் தாண்டிய குரலுக்குக் கிடைத்த விருது அது. 1970-இல் பத்மஸ்ரீ பட்டம். சொந்த ஊர் கொடுமுடியில் ஒரு திரையரங்கமும் கட்டினார். 1980-இல் மறைந்தார்.

நாடகத்தில் பிறந்தவர் கடைசியில் சினிமாக் கொட்டகை கட்டினார் என்பதை நினைத்தால் ஓர் உண்மை உறுத்தும். நாடகப் பாட்டைப் பரப்பிய இசைத்தட்டும் சினிமாவும்தான் நாடகக் கம்பெனிகளின் கூட்டத்தையும் இழுத்துக்கொண்டன. நடிகர்கள் படத்துக்குப் போனார்கள், கொட்டகைகள் தியேட்டர்களாக மாறின. பாட்டு பிழைத்தது, அது பிறந்த மேடை மெலிந்தது. சுந்தராம்பாள் மேடையில் ஒரு முழு இரவு வள்ளியாக எப்படி இருந்தார் என்பதைச் சொல்ல இன்று சாட்சி இல்லை. மூன்று நிமிடத் தட்டில் அடங்கியது மட்டும்தான் நம்மிடம் இருக்கிறது.

இதை நம் ஊருக்கும் பொருத்திப் பார்க்கலாம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, சனங்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிவந்துவிட்டார்கள். லயத்துக்கு முன்னால் அரிச்சந்திரா ஆடியவர்களும் ஆர்மோனியம் வாசித்தவர்களும் காமன் கூத்துப் பாடியவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்களைத் தேடி எந்த இசைத்தட்டு நிறுவனமும் வரவில்லை. இன்று அது தேவையும் இல்லை. எல்லார் சட்டைப் பையிலும் ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது.

அடுத்த தடவை தாத்தாவோ பாட்டியோ பழைய நாடகப் பாட்டு ஒன்றை முணுமுணுத்தால், கைப்பேசியை எடுத்து முழுதாகப் பாடச் சொல்லிப் பதிவு செய்து வையுங்கள். எந்தத் தோட்டத்தில் கற்றது, யார் சொல்லிக்கொடுத்தது என்பதையும் கேட்டு வையுங்கள். மூன்று நிமிடம் இருந்தாலும் போதும்.